களிம்பும் அடிக்களிம்பும்: கைமூட்டுத் தேய்வுக்கான மேற்பூச்சு மருந்துகளின் சோதனை முறை பற்றி

ஆய்வின் வினா

விரல் மூட்டுகளிலும் கட்டைவிரலின் அடிமூட்டிலும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பின் ஓரங்கள் புடைத்து, கிள்ளவும் திருகவும் பிழியவும் கை மறுக்கும் நிலையே கைமூட்டுத் தேய்வு நோய் எனப்படுகிறது. விரல் நுனியை ஒட்டிய மூட்டில் தோன்றும் கெட்டியான முடிச்சுகளை 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் கவனித்து, அவை கவுட் எனும் யூரிக் அமில வாதத்தைச் சேர்ந்தவை அல்ல என்று பிரித்தறிந்தார். அவர் மறைந்தபின் 1802இல் வெளிவந்த நூலில் இக்குறிப்பு இடம்பெற்றது. நடுமூட்டில் வரும் முடிச்சுகளுக்குப் பிரெஞ்சு மருத்துவர் பூஷாரின் பெயர் நிலைத்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜான்ஸ்டன் வட்டார மக்களைக் கொண்டு 2017இல் வெளியான கணிப்பு, 85 வயது வரை வாழும் பெண்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் வலியோடு கூடிய இந்நோய் வரக்கூடும் என்கிறது. இவ்வளவு பரவலான நோயின் போக்கை நிறுத்தும் மருந்து எதுவும் இன்றுவரை ஒப்புதல் பெறவில்லை. எனவே சிகிச்சை என்பது பெரும்பாலும் வலியைத் தணிப்பதாகவே இருக்கிறது. வலி என்றதும் கைக்கு முதலில் வருவது களிம்புக்குழாய்தான்.

இக்களிம்புகள் வலியைக் குறைக்கின்றனவா என்று கேட்டால், சோதிக்கப்பட்ட ஏறக்குறைய எல்லாக் களிம்புகளும் குறைத்தன என்றே விடை வரும். மருந்தே கலக்காத களிம்பைத் தடவிக்கொண்டவர்களுக்கும் கணிசமாகக் குறைந்தது என்பதும் அதே சோதனைகளில் பதிவாகியுள்ளது. ஆகவே ஆராயவேண்டிய வினா வேறு: களிம்பில் உள்ள மருந்து, களிம்பு செய்யும் வேலைக்கு மேலாக எவ்வளவு சேர்க்கிறது? அதை அளக்கச் சோதனை முறைகளால் இயன்றிருக்கிறதா? அவ்வாறு கிடைத்த அளவு, நாள் முழுதும் கையை நனைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பொருந்துமா?

தோல் வழியே செல்லும் மருந்து

மேற்பூச்சு மருந்தின் தர்க்கம் எளிமையானது. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற ஸ்டீராய்டு அல்லாத அழற்சித் தடுப்பு மருந்துகள் மாத்திரையாக உட்கொள்ளப்படும்போது இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். சிறுநீரகத்துக்குக் கேடு விளைவிக்கலாம். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பையும் கூட்டலாம். மூட்டுத் தேய்வோ முதுமையின் நோய், முதுமையில்தான் இத்தீங்குகளும் மிகுதி. மருந்தை வலிக்கும் இடத்திலேயே தடவினால் இரத்தத்தில் கலக்கும் அளவு வெகுவாகக் குறைகிறது. ஒரு முழங்காலில் நாளொன்றுக்கு 16 கிராம் டைக்ளோஃபினாக் ஜெல் தடவியபோது உடலில் பரவிய மருந்து, 50 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை உட்கொள்வதால் பரவும் அளவில் சுமார் 6 விழுக்காடே என அந்த ஜெல்லின் அமெரிக்க விவரக்குறிப்பு தெரிவிக்கிறது.

தோல், எதையும் எளிதில் உள்ளே விடாத உறுப்பு. 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறு எடையுள்ள பொருள்கள் அதன் மேலடுக்கைக் கடப்பது அரிது என்பது தோலியலாளர் பலரும் ஏற்கும் ஒரு வரையறை. டைக்ளோஃபினாக் சோடியத்தின் எடை 318, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினின் எடை 305. இரண்டுமே வரம்புக்கு உட்பட்டவை. கையைப் பொறுத்தவரை உடற்கூறும் ஓரளவு துணை நிற்கிறது. இடுப்பு மூட்டு தசைகளுக்கு அடியில் ஆழத்தில் கிடக்க, விரல் மூட்டுகளோ புறங்கைப் பக்கம் மெல்லிய தோலுக்குச் சற்றுக் கீழேயே உள்ளன. உள்ளங்கைத் தோல் மட்டும் மிகத் தடித்தது.

ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பான யூலார், கைமூட்டுத் தேய்வுக்கு மாத்திரையைவிட மேற்பூச்சையே முதலில் நாடவேண்டும் என 2018ஆம் ஆண்டுப் பரிந்துரையில் கூறியதற்குப் பாதுகாப்பே தலையாய காரணம். அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி சற்றுத் தயங்குகிறது. முழங்காலுக்கு மேற்பூச்சு அழற்சித் தடுப்பு மருந்தை உறுதியாகப் பரிந்துரைக்கும் அவ்வழிகாட்டி, கைக்கு அதையே நிபந்தனையுடன் மட்டும் பரிந்துரைக்கிறது. கைக்கென நேரடிச் சான்று போதாமையையும், கையை அடிக்கடி கழுவவேண்டியிருப்பதையும் அதற்குக் காரணங்களாகச் சுட்டுகிறது. இவ்விரண்டாம் காரணம் அதற்கு உரிய கவனத்தைப் பெற்றதில்லை.

2009ஆம் ஆண்டின் சோதனை

கைக்கெனச் செய்யப்பட்ட சோதனைகளுள் பெரும்பாலும் முன்னிறுத்தப்படுவது ராய் ஆல்ட்மனும் குழுவினரும் 2009இல் வெளியிட்டது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 385 பேர் அதில் பங்கேற்றனர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு 1 விழுக்காடு டைக்ளோஃபினாக் சோடியம் கலந்த ஜெல்லும், மற்றவர்களுக்கு அதே ஜெல் மருந்து நீக்கப்பட்டும் எட்டு வாரங்களுக்கு வழங்கப்பட்டன. மருந்து நீங்கிய இந்த ஜெல்லை இக்கட்டுரை அடிக்களிம்பு எனக் குறிக்கிறது. யாருக்கு எது கிடைத்தது என்பதை நோயாளியும் அறியார், மதிப்பிடும் மருத்துவரும் அறியார். இவ்வாறு இருதரப்புக்கும் மறைப்பதை இருதரப்பு மறைப்பு என்பர். ஒவ்வொரு கைக்கும் ஒருமுறைக்கு 2 கிராம், நாளுக்கு நான்கு முறை என்பது அளவு.

வலியை இரத்தத்திலிருந்தோ ஊடுகதிர்ப் படத்திலிருந்தோ படித்தறிய முடியாது. படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டு வலிக்காமலும், இலேசாகத் தேய்ந்தது கடுமையாக வலித்தும் இருக்கலாம். ஆகவே நோயாளியின் சொல்லே அளவுகோல். 100 மில்லிமீட்டர் கோட்டில் ஒரு முனையில் வலியின்மையும் மறுமுனையில் தாங்கவொண்ணா வலியும் குறிக்கப்பட்டிருக்க, தம் நிலையை அதன்மேல் புள்ளியிட்டுக் காட்டுவது ஒரு வழி. ஆஸ்கேன் எனும் கேள்விப் பட்டியல் மற்றொன்று. ஆஸ்திரேலிய, கனடிய ஆய்வாளர்கள் உருவாக்கிய அதில் வலி பற்றி ஐந்து, விறைப்பு பற்றி ஒன்று, செயல் பற்றி ஒன்பது என 15 வினாக்கள் உள்ளன. குழாயைத் திறப்பது, புதுச் சாடியின் மூடியைத் திருகுவது, பொத்தான் போடுவது, நிறைந்த பாத்திரத்தை ஒரு கையால் தூக்குவது, துணியைப் பிழிவது, காய்கறித் தோல் சீவுவது போன்றவை அச்செயல்கள். தேங்காய் துருவுவதும் மாவு பிசைவதும் அப்பட்டியலில் இல்லை; தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் கட்டைவிரல் அடிமூட்டு படும் பாட்டை அளக்கவேண்டுமானால் அவற்றையும் கேட்டாகவேண்டும்.

ஆய்வாளர்கள் நான்காம், ஆறாம் வாரங்களில் வலியளவு, ஆஸ்கேன் மொத்தம், நோயின் பொதுநிலை ஆகிய மூன்றையும் முதன்மை அளவுகளாக முன்கூட்டியே வகுத்திருந்தனர். மருந்துக் குழுவில் வலி 42 முதல் 45 விழுக்காடும், ஆஸ்கேன் மதிப்பு 35 முதல் 40 விழுக்காடும் குறைந்தன. நான்காம் வாரத்தில் வலியிலும் ஆஸ்கேனிலும் அடிக்களிம்பை மருந்து விஞ்சியது. நோயின் பொதுநிலையில் அதன் சாயல் மட்டுமே தென்பட்டது. ஆறாம் வாரத்தில் மூன்றிலும் விஞ்சியது.

இம்முடிவைப் படிப்பதில் ஒரு பிழை எளிதில் நேர்கிறது. 42 விழுக்காடு என்ற எண்ணை மருந்தின் ஆற்றலாக எடுத்துக்கொள்வதே அப்பிழை. அது மருந்தும், தடவுதலும், எதிர்பார்ப்பும், காலப்போக்கும் சேர்ந்த மொத்தம். அடிக்களிம்புக் குழுவிலும் வலி தணிந்தது. மருந்துக்கு உரியது இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே, அது தலைப்பில் வரும் எண்ணைவிட மிகச் சிறியது. ஜெல்லைத் தயாரித்த நிறுவனமே இச்சோதனைக்குப் பொருளுதவி செய்தது என்பதையும் வாசகர் நினைவிற்கொள்ளவேண்டும். சோதனையின் கட்டமைப்பு நேர்மையானதே. ஆயினும் எந்த எண் விளம்பரத்துக்குச் செல்லும் என்பதைத் தீர்மானிப்பவர் ஆய்வாளர் மட்டும் அல்லர்.

அடிக்களிம்பின் பங்கு

நாட்பட்ட தசை, மூட்டு வலிக்கான மேற்பூச்சு மருந்துகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. 6 முதல் 12 வாரம் டைக்ளோஃபினாக் தடவியவர்களுள் 100க்கு ஏறத்தாழ 60 பேருக்கு வலி நன்கு தணிந்தது. அடிக்களிம்பு தடவியவர்களுள் 100க்கு 50 பேருக்குத் தணிந்தது. அதாவது பத்துப் பேருக்குத் தடவினால், மருந்து இருந்ததால் மட்டுமே பயன்பெறுபவர் ஒருவர். கீட்டோப்ரோஃபெனுக்கு அவ்விகிதம் சுமார் ஏழுக்கு ஒருவர். இத்தொகுப்பின் சான்றில் பெரும்பகுதி முழங்காலிலிருந்து வந்தது என்பதால், அதைக் கைக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை.

மருந்தில்லாமல் அந்த ஐம்பது பேர் எவ்வாறு தணிவு பெற்றனர் என்பதே இத்துறையின் மையமான வினா. ஒரு விளக்கம் புள்ளியியல் சார்ந்தது. மூட்டு வலி ஏறி இறங்கும் இயல்புடையது. மக்கள் சோதனையில் சேர்வது வலி உச்சத்தில் இருக்கும்போது. எது செய்தாலும், செய்யாவிட்டாலும், சில வாரங்களில் அது தன் வழக்கமான நிலைக்கு இறங்கும். சராசரிக்குத் திரும்புதல் என்று இதனைக் கூறுவர். மற்றொரு விளக்கம், பராமரிக்கப்படுகிறோம் என்ற உணர்வும், தேய்க்கும் விரலின் வெம்மையும், ஜெல்லின் குளிர்ச்சியும் உண்மையிலேயே வலியைக் குறைக்கின்றன என்பது. வெய்யா ஜாங்கும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட பகுப்பாய்வு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றது. மூட்டுத் தேய்வு பற்றிய 198 சோதனைகளில், வெற்று மருந்து பெற்ற குழுக்களின் வலித் தணிவு விளைவளவு 0.51 எனவும், எச்சிகிச்சையும் பெறாத குழுக்களில் 0.03 எனவும் அது கண்டது. விளைவளவு என்பது மாற்றத்தை, ஆட்களிடையே இயல்பாக உள்ள ஏற்றத்தாழ்வோடு ஒப்பிடும் அளவு. அரை என்பது நடுத்தரமான நன்மை எனக் கொள்ளப்படுகிறது. வலி தானாக இறங்கியதே காரணம் என்றால் சிகிச்சையற்றவர்களுக்கும் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை.

எனினும் இவ்வாதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. சிகிச்சையற்ற குழுக்கள் அப்பகுப்பாய்வில் 14 மட்டுமே. தமக்கு எதுவும் தரப்படவில்லை என்பதை அறிந்தவர்கள் ஏமாற்றத்தால் தம் வலியைச் சற்றுக் கூட்டியே சொல்லியிருக்கவும் கூடும். 2016இல் இதே ஆய்வு மரபில் வந்த மற்றொரு தொகுப்பு, மூட்டுத் தேய்வுச் சிகிச்சைகளின் மொத்தப் பயனில் சராசரியாக 75 விழுக்காடு சூழல் சார்ந்தது, மருந்துக்கே உரியது எஞ்சிய கால்பங்குதான் எனக் கணக்கிட்டது. துல்லியத்தில் ஐயம் இருக்கலாம், திசையில் ஐயமில்லை. ‘வெற்று’ என்ற அடைமொழி அடிக்களிம்புக்குப் பொருந்தவில்லை. அதை ஒன்றுமில்லாததாகக் கழித்துவிடும் சோதனை, மருந்துரிமை வழங்கும் அலுவலகத்தின் வினாவுக்குச் சரியான விடையைத் தருகிறது. களிம்பைத் தடவிக்கொள்ளும் மூதாட்டிக்குக் கிடைப்பதோ கழிக்கப்படாத மொத்தம்.

எரிச்சலும் மணமும்

இருதரப்பு மறைப்பு மாத்திரைக்கு எளிது, களிம்புக்குக் கடினம். கேப்சைசின் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தோலிலுள்ள நரம்பு முனைகளில் வெம்மையை உணரும் டிஆர்பிவி1 எனும் வாயிலை அது திறக்கிறது. திரும்பத் திரும்பத் தடவும்போது அந்நரம்பு முனைகள் சோர்ந்து வலியுணர்வைக் கடத்துவது குறைகிறது. இவ்வாயிலை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. மெக்கார்த்தியும் மெக்கார்ட்டியும் 1992இல் வெளியிட்ட நான்கு வாரச் சோதனையில் 0.075 விழுக்காடு கேப்சைசின் களிம்பு, கைமூட்டுத் தேய்வு உள்ளவர்களின் வலியையும் தொட்டால் நோகும் தன்மையையும் குறைத்தது. முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பயன் தரவில்லை. ஆனால் பங்கேற்றோர் 21 பேர்தான், அவர்களுள் மூட்டுத் தேய்வு உடையோர் 14 பேர். கேப்சைசின் தடவிய இடம் எரியும். எரிச்சல் உள்ளவர் தமக்கு மருந்து கிடைத்திருப்பதையும், இல்லாதவர் கிடைக்காததையும் ஊகித்துவிடுவர்; அப்போது மறைப்பு கலைந்து, எதிர்பார்ப்பு ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது. அமெரிக்க வழிகாட்டி கைக்குக் கேப்சைசினை நிபந்தனையுடன் தவிர்க்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு: தடவிய விரல் கண்ணில் படும்.

இச்சிக்கலுக்கு முழங்கால் ஆய்வாளர்கள் ஒரு நல்ல வழியைக் கண்டனர். டைக்ளோஃபினாக் கரைசல் ஒன்றில் மருந்தைத் தோலுக்குள் செலுத்த டைமெத்தில் சல்ஃபாக்சைடு எனும் கரைப்பான் 45.5 விழுக்காடு சேர்க்கப்பட்டிருந்தது. அது வாயில் பூண்டு மணம் வரச்செய்யும். 2009இல் சைமனும் குழுவினரும் 775 பேரைக் கொண்டு நடத்திய 12 வாரச் சோதனையில், மருந்தின்றி அக்கரைப்பான் மட்டும் முழு அளவில் உள்ள கரைசல் ஒரு குழுவுக்கும், மணத்துக்கென 2.3 விழுக்காடு மட்டும் உள்ள கரைசல் இன்னொரு குழுவுக்கும் தரப்பட்டன. இரண்டுக்கும் வேறுபாடு தென்படாததால் பயன் கரைப்பானுடையது அன்று, டைக்ளோஃபினாக்குடையது என்று கூற முடிந்தது. கைக்கு இவ்வளவு கவனமாக அமைந்த சோதனை இல்லாதது பெரிய குறை.

இந்தியாவில் இக்குறை இன்னும் கூர்மையடைகிறது. இங்கு மருந்துக்கடைகளில் பெரிதும் விற்கும் வலி ஜெல்களில் 1.16 விழுக்காடு டைக்ளோஃபினாக் டைஎத்திலமைனோடு 10 விழுக்காடு மெத்தில் சாலிசிலேட்டும், 5 விழுக்காடு மெந்தாலும், ஆளிவிதை எண்ணெயும் கலந்திருப்பது வழக்கம். மெந்தால் தோலின் குளிருணர் வாயிலைத் தூண்டுகிறது. மெத்தில் சாலிசிலேட் தைலத்தின் மணத்தைத் தருகிறது. தைல மணத்தோடும் சில்லென்ற உணர்வோடும் வலி நீங்குவதைக் குழந்தைப் பருவத்திலிருந்தே இணைத்துப் பழகிய மக்களிடம் இக்கலவையின் சூழல் விளைவு வலுவாக இருப்பது இயல்பே. ஆனால் ஆல்ட்மன் சோதித்த ஜெல்லில் மெந்தாலும் இல்லை, சாலிசிலேட்டும் இல்லை. அச்சோதனையின் முடிவைக் கலவை ஜெல்லுக்குச் சான்றாகக் காட்டுவது முறையன்று. கலவையைச் சோதிக்க வேண்டுமெனில் மெந்தாலும் சாலிசிலேட்டும் மட்டும் உள்ள களிம்பை எதிர்க்குழுவுக்குத் தந்து, டைக்ளோஃபினாக் அதற்குமேல் என்ன சேர்க்கிறது என்று பார்க்கவேண்டும்.

சமம் என்று சொல்வதன் இடர்

ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனையொன்று 204 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 5 விழுக்காடு இபுப்ரோஃபென் ஜெல்லும், மற்றதற்கு ஆர்னிக்கா எனும் மலர்ச்செடியின் சாற்று ஜெல்லும் 21 நாள்களுக்கு வழங்கியது. வலியிலும் கையின் செயல்திறனிலும் இரண்டும் ஒத்திருந்தன. ஆகவே ஆர்னிக்கா, இபுப்ரோஃபெனுக்குக் குறைந்ததன்று என முடிவு செய்யப்பட்டது. மூலிகை மருத்துவத்தை ஆதரிப்போர் இதனை அடிக்கடி மேற்கோள் காட்டுகின்றனர்.

இரண்டும் சமம் என்பது இரண்டும் பயனுள்ளவை என்றும் பொருள்படலாம்; இரண்டுமே அடிக்களிம்புக்கு மேலாக எதையும் சேர்க்கவில்லை என்றும் பொருள்படலாம். மூன்றாவதாக ஓர் அடிக்களிம்புக் குழு இருந்திருந்தால்தான் எது உண்மை எனத் தெரிந்திருக்கும். பத்தில் ஐவருக்குத் தடவுதலே பயன் தரும் ஒரு நோயில், அக்குழு இல்லாத ஒப்பீடு ஆர்னிக்காவை மெய்ப்பிக்கவும் இல்லை, பொய்ப்பிக்கவும் இல்லை. ஜெர்மனியில் சாக்கரும் குழுவினரும் 2001இல் விரல் மூட்டுகளுக்கு டைக்ளோஃபினாக் ஜெல்லையும் நாளுக்கு 1200 மில்லிகிராம் இபுப்ரோஃபென் மாத்திரையையும் மூன்று வாரம் ஒப்பிட்ட சோதனையில் ஜெல் மாத்திரைக்குக் குறையவில்லை. அவ்வொப்பீட்டில் ஒரு சிறப்பு உண்டு: ஜெல் பெற்றவருக்கு வெற்று மாத்திரையும், மாத்திரை பெற்றவருக்கு மருந்தற்ற ஜெல்லும் சேர்த்தே தரப்பட்டதால், தடவும் சடங்கு இரு பக்கமும் சமமாயிற்று. வயிற்றுக்கு அஞ்சி மாத்திரையைத் தவிர்க்க வேண்டியவருக்கு இம்முடிவு நடைமுறையில் பயனுள்ளது.

தண்ணீர், அளவு, காலம்

கை என்பது முழங்கால் அன்று. முழங்காலில் தடவிய ஜெல்லை ஆடை மூடுகிறது. கையில் தடவியதோ அடுத்த வேலையில் கழுவப்பட்டுவிடுகிறது. கைக்குத் தடவினால் குறைந்தது ஒரு மணி நேரம் கழுவலாகாது என்பது டைக்ளோஃபினாக் ஜெல்லின் அமெரிக்க விவரக்குறிப்பு தரும் அறிவுரை. நாளுக்கு நான்கு முறை எனில் விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரம் கை நனையக்கூடாது. சமைப்பவருக்கும் பாத்திரம் துலக்குபவருக்கும் துணி துவைப்பவருக்கும் இது எளிதன்று. இந்நோய் மிகுதியாக வருவதோ பெண்களுக்கு, அதுவும் அவ்வேலைகளிலிருந்து ஓய்வு கிடைக்காத நடு வயதுக்குப் பின். கையால் உண்ணும் மக்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. விரலில் பூசிய மருந்து உணவோடு உள்ளே போகாதிருக்க உண்பதற்கு முன் கழுவியாக வேண்டும், உண்டபின் மீண்டும் கழுவவேண்டும். மூன்று வேளை உணவைச் சுற்றி நான்கு வேளை மருந்தையும் அதன் ஒரு மணி நேரக் காத்திருப்பையும் பொருத்துவது அன்றாடக் கணக்கில் அடங்காது.

அளவு பற்றிய சிக்கலும் இதனோடு சேர்கிறது. விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். சோதனையில் வகுக்கப்பட்ட 2 கிராம் என்பது அதுபோல் நான்கு மடங்கு. இரு கைகளுக்கும் நான்கு வேளை தடவினால் நாளுக்கு 16 கிராம், இந்தியக் கடைகளில் கிடைக்கும் 30 கிராம் குழாய் இரண்டு நாள் வராது. ஒரு குழாயை மாதக் கணக்கில் வைத்துப் பட்டாணியளவு தடவிக்கொள்ளும் வீடுகளில் பயன்படுவது, சோதிக்கப்பட்ட மருந்தளவின் சிறு பின்னமே. அங்கு கிடைக்கும் தணிவில் டைக்ளோஃபினாக்கின் பங்கு இன்னும் சுருங்கி, தேய்ப்பின் பங்கு ஓங்கியிருக்கும் என்று கருத இடமுண்டு.

காலமும் பொருந்தவில்லை. டிரோலமைன் சாலிசிலேட் களிம்பைப் பற்றிய 1998ஆம் ஆண்டுச் சோதனை 86 பேரின் கையில் ஒரேயொரு முறை தடவி, 120 நிமிடம் வரை மட்டுமே அளந்தது. ஆர்னிக்காவுக்கு மூன்று வாரம், கேப்சைசினுக்கு நான்கு வாரம், ஆல்ட்மனுக்கு எட்டு வாரம். நோயோ பல்லாண்டுகள் நீடிப்பது. எட்டு வாரத்தில் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு தெரியவில்லை என்பதிலிருந்து எட்டு ஆண்டுப் பயன்பாட்டைப் பற்றி எதுவும் கூற முடியாது. 2020 வரை மருத்துவர் சீட்டில் தரப்பட்ட ஜெல்லின் அமெரிக்க விவரக்குறிப்பிலும், மாத்திரைக்குரிய இதய, இரைப்பை எச்சரிக்கை கட்டமிட்டே அச்சிடப்பட்டது.

இவற்றையெல்லாம் கருதினால், இனி கைக்கெனச் செய்யப்படும் சோதனைக்கு வேண்டியது பெருந்தொகையைவிடப் பொருத்தமான வடிவம். மருந்து ஜெல், அடிக்களிம்பு, எதுவும் தடவாமல் வழக்கமான பராமரிப்பு என மூன்று குழுக்கள் இருந்தால் மருந்தின் பங்கும் தடவுதலின் பங்கும் தனித்தனியே தெரியும். வலது கைக்கு மருந்தும் இடது கைக்கு அடிக்களிம்பும் தரும் வடிவம் சிக்கனமாகத் தோன்றினாலும், ஒரு கை மற்றொன்றைத் தேய்க்கும் உறுப்பில் அது நம்பத்தக்கதன்று. பங்கேற்போர் கையை எப்போது நனைத்தனர் என்பதை நாள்தோறும் குறித்துவைக்க வேண்டும். திருப்பித்தரும் குழாய்களை எடைபோட்டு உண்மையில் எத்தனை கிராம் செலவாயிற்று என அறியவேண்டும். வீட்டு வேலையைத் தள்ளிவைக்க இயலாதவர்களைச் சேர்க்கையிலேயே விலக்கிவிடாதிருக்க வேண்டும். இரவில் ஒருமுறை மட்டும், வேலையெல்லாம் முடிந்தபின் தடவினால் நான்கு முறை தடவுவதன் பயனில் எவ்வளவு கிடைக்கும் என்ற வினாவை ஒரு குழுவுக்கேனும் ஒதுக்கிச் சோதிப்பது கடினமன்று. பெரும்பாலான வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவரும் மருந்தளவு அதுவே.